பதினான்கு நாள்

ஹார்ட்டில்பூலில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
மீன்வறுவல் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
அரசுக்குப் போகிற படிவத்திலும்
லேசாக எண்ணெய் வாசம் அடிக்கும்.

என் பெயர் மோரீன் ஸ்டோக்கோ.
முகமூடி மாட்டி உள்ளே போகிறவள் இல்லை நான்,
போகிறவர்களின் தேதிகளைக் காப்பவள்.

முதலாளி கிளிஃப் ரட்டர்
செலவென்றால் கல்லில் நார் உரிப்பவர்.
தொழிலும் அதுவேதான்:
கல்நார்.
உரிக்க உரிமம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் வேண்டாம்.
கூரைத் தகட்டை உடையாமல் இறக்கப்
பயிற்சி இருந்தால் போதும்.
குழாயில் சுற்றிய பொதிக்கு வேண்டும்.
விரலால் நசுக்கினால் மாவாக உதிருமா?
ஏறக்குறைய அவ்வளவுதான் கோடு.

அந்தக் கோட்டைத் தாண்டப்
பதினான்கு நாள் முன்பே அறிவிக்க வேண்டும்.
எந்தக் கட்டடம், எத்தனை ஆள், என்ன நிறம்:
வெள்ளையா, பழுப்பா, நீலமா
என்று துணிக்கடைக்காரர் போல
விசாரிக்கும் படிவம்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பள்ளிக்கூடம்.
கொதிகலன் அறையில், குழாய் வளைகிற முழங்கையில்,
பொதி பிளந்து கிடக்கிறது.
தலைமையாசிரியை தினமும் இருமுறை கூப்பிட்டாள்.
நாட்காட்டியில் பென்சிலால் எண்ணினேன்,
மறுபடி எண்ணினேன்.
ஒரு நாள் குறைந்தது.

விலக்குக் கேட்டு எழுதினேன்.
பள்ளி திறப்பது அவசரம் ஆகாது
என்று இரண்டு வரியில் பதில்.

"வியாழன் என்றே போடு, மோரீன்.
பையன்கள் புதனே போய்க் கூடாரம் கட்டட்டும்.
பாலித்தீன் ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா?"

வேலைதான்.
கூடாரம் கட்டுவதும் வேலை,
காற்றை உறிஞ்சும் எந்திரத்தை இழுத்து வைப்பதும் வேலை,
புகைவிட்டுக் கசிவு பார்ப்பதும் வேலை.
விதியில் அப்படித்தான் இருக்கிறது.
கிளிஃபுக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பதில்
இதையே சொன்னார்.
அப்போது போட்டேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், நிலவறை.
ஒரு நாள் முந்திப் போனவர்களில்
லென்னி வார்டில்தான் இளையவன்.
முகமூடி பதியவேண்டும் என்று
அன்று காலைதான் தாடியை மழித்திருந்தான்.
வீட்டில் குழந்தை அவனை யாரோ என்று நினைத்து
வீறிட்டு அழுததாம்.
மாடிப்படியில் நின்று சொல்லிச் சிரித்தான்,
மோவாய் மட்டும் வெளுத்திருந்தது.

கூடாரத்தை ஆணி அடிக்கையில்
மேலே ஏதோ உதிர்ந்தது என்றார்கள்.
சுண்ணாம்பாக இருக்கும் என்றார்கள்.
ஒன்றும் நடக்கவில்லை.

அதுதான் என்னைத் தூங்கவிடாதது.
நடந்திருந்தாலும்
முப்பது நாற்பது ஆண்டுக்கு
ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும்.

இந்த முறை
வெள்ளி என்று போட்டேன்.
கிளிஃப் கதவை அறைந்து சாத்தியதில்
கடைக்காரன் கீழிருந்து கத்தினான்.
பிள்ளைகளுக்கு ஒரு நாள் கூடுதல் விடுமுறை.
அடுத்த இரண்டு பள்ளிக்கூடங்கள்
வேறு ஆளுக்குப் போயின.

நவம்பரில் உரிமம் புதுப்பிக்க நேர்காணல்.
அதிகாரி ஒல்லியான பெண், சளி பிடித்திருந்தது.
குளியல் வண்டியில் வெந்நீர் வருமா,
முகமூடிச் சோதனைச் சீட்டு எங்கே,
சவரக்கத்தி யார் வாங்கித் தருகிறார்கள்
(அதற்கு மட்டும் கிளிஃப் பெருமையாகக் கையுயர்த்தினார்),
பொதியை நனைக்காமல் அறுத்தால் என்ன ஆகும்
என்றெல்லாம் கேட்டாள்.
இரண்டாயிரத்து ஒன்பதைப் பற்றி
அவள் கேட்கவில்லை.
நான் வாயைத் திறந்தேன்.
அவள் தும்மினாள்.
நான் காகிதக் கைக்குட்டையை நீட்டினேன்.

மூன்றாண்டு தந்தார்கள்.
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று.

லென்னி இப்போது கேட்ஸ்ஹெட்டில் லாரி ஓட்டுகிறான்.
அவனுடைய மருத்துவச் சீட்டை
நாற்பது ஆண்டு வைத்திருக்க வேண்டும்.
இரும்பு அலமாரி, மூன்றாம் தட்டு,
வ வரிசை.
அன்றைய தேதியை
பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன்,
வியாழனை அடித்து, புதன் என்று.
யாராவது என்றைக்காவது எடுத்துப் பார்த்தால்
தெரியட்டும்.

பென்சிலால்தான்.
பேனா என் கையிலேயே இருந்தது.